உலகத்தை ஆளலாம்... அதுக்கு முன்னாடி கேன்டீன் கட்டணும்!

ஹீரோவுக்கு ஒரு துப்பாக்கியும் ஒரு காரும் போதும். வில்லனுக்கு அப்படியா? தீவு வேண்டும், மலையைக் குடைந்து கட்டிய ரகசியத் தளம் வேண்டும், ஒரே கலரில் யூனிஃபார்ம் போட்ட நூறு அடியாட்கள் வேண்டும். ஜேம்ஸ் பாண்ட் படம் பார்க்கும்போது உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். இத்தனை பேரும் எங்கே தூங்குகிறார்கள்? யார் சமைத்துப் போடுகிறார்கள்? அந்தத் தீவுக்குக் கரன்ட் எங்கிருந்து வருகிறது?

படத்தில் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. ஆனால், இந்தக் கேள்விகளை மட்டுமே வைத்து ஒரு வீடியோ கேமையே செய்துவிட்டார்கள். பெயர், ‘ஈவில் ஜீனியஸ்’. இதில் வில்லன் நீங்கள்தான்!

எரிமலைக்குள் ஓர் ஆபீஸ்

1967-ல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் வில்லனின் தளம் எரிமலைக்குள் இருக்கும். கென் ஆடம் என்ற கலை இயக்குநர், லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட பிரமாண்ட செட் அது. மொட்டைத்தலை, மடியில் வெள்ளைப் பூனை என்று அந்த வில்லனையும் யாராலும் மறக்க முடியாது.

இந்த மாதிரி வில்லன்களைக் கிண்டல் செய்துதான் 2004-ல் லண்டனைச் சேர்ந்த எலிக்ஸர் ஸ்டுடியோஸ் ‘ஈவில் ஜீனியஸ்’ கேமை வெளியிட்டது. 17 ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தது. அதில் நான்கு வில்லன்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். அவர்களில் எம்மா என்ற பெண் வில்லனுக்குக் குரல் கொடுத்திருப்பவர் சமந்தா பாண்ட். பியர்ஸ் பிராஸ்னன் நடித்த நான்கு பாண்ட் படங்களிலும் மிஸ் மணிபென்னியாக வந்தாரே, அவரேதான்!

அடியாளுக்கும் அலுப்பு வரும்

வெளியே பார்த்தால் சுற்றுலாப் பயணிகள் குவியும் கேசினோ. அதன் பின்பக்கக் கதவைத் திறந்தால் உங்கள் ராஜ்ஜியம். பாறையைக் குடைந்து ஒவ்வோர் அறையாகக் கட்ட வேண்டும்.

முதல் நாளே உலகை அழிக்கும் ஆயுதத்தைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் தங்கத்தைப் பூட்டிவைக்க ஒரு பெட்டக அறை. அப்புறம் அடியாட்கள் படுக்க அறை, சாப்பிட கேன்டீன். ஆராய்ச்சிக்கூடம் கட்டினால் ஜெனரேட்டர் பத்தாது. ஜெனரேட்டரைக் கூட்டினால் அதைப் பழுதுபார்க்க ஆள் பத்தாது. ஆளைக் கூட்டினால் படுக்க இடம் பத்தாது. சம்பளப் பட்டியலோடு மல்லாடும் எந்த முதலாளிக்கும் இந்தத் தலைவலி புரியும்.

அடியாட்கள் சோர்ந்துபோவார்கள், மனம் வெறுத்தும் போவார்கள். ஓய்வும் பொழுதுபோக்கும் கொடுக்காமல் வேலை வாங்கிக்கொண்டே இருந்தால், ஒருநாள் தளத்தைவிட்டே ஓடிவிடுவார்கள். உலகையே மிரட்டும் வில்லன், ஊழியர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த கேமின் மொத்த நகைச்சுவையும்.

உங்கள் வளர்ச்சியைப் பார்த்து உளவாளிகளும் வருவார்கள். மின்விசிறிப் பொறியை வைத்து ஊதித் தள்ளலாம், ஆளையே விழுங்கும் ராட்சதச் செடியிடம் சிக்கவைக்கலாம். ஆனால், கெட்டிக்காரர்கள் வேறொன்று செய்வார்கள். வந்த உளவாளியை கேசினோவிலேயே நன்றாக உபசரித்து, வந்த வேலையை மறக்கடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சண்டை போட்டால் சந்தேகம் கூடும், பிணம் விழும், அதை அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும். உபசரிப்புதான் செலவு குறைவு!

நோபல் வாங்கிய ‘வில்லன்’

முதல் பாகத்தை உருவாக்கிய எலிக்ஸரைத் தொடங்கியவர் டெமிஸ் ஹசாபிஸ். சிறுவயதிலேயே செஸ்ஸில் கலக்கியவர். பதின்ம வயதில் ‘தீம் பார்க்’ என்ற புகழ்பெற்ற கேமை உருவாக்குவதில் முக்கியப் பங்காற்றினார். எலிக்ஸர் 2005-ல் மூடப்பட்டது. 2010-ல் நண்பர்களுடன் சேர்ந்து டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கினார். புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்துச் சொன்னதற்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘கேம் ஆடினால் உருப்பட மாட்டே’ என்று திட்டும் முன் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூதத்துக்கும் சம்பள நாள்

ஹசாபிஸ் இளம் வயதில் வேலை பார்த்த புல்ஃபிராக் நிறுவனம்தான் இந்த வகை கேம்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டது. அந்த கேம் 1997-ல் வெளிவந்த ‘டன்ஜன் கீப்பர்’. பாதாளக் கோட்டையின் அதிபதி நீங்கள். புதையல் தேடி வரும் நல்லவர்களை விரட்டுவது உங்கள் வேலை. பூதங்களுக்குப் படுக்க இடம் வேண்டும், சாப்பிடக் கோழிப்பண்ணை வேண்டும். சம்பள நாள் வந்தால் எல்லாம் கஜானாவுக்குப் படையெடுக்கும். காசு இல்லையென்றால் கோபம்தான்!

அதில் மிரட்டலான குரலில் நமக்கு ஆலோசனை சொல்பவர் ரிச்சர்ட் ரைடிங்ஸ். உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கு அந்தக் குரல் நன்றாகவே தெரியும். ‘பெப்பா பிக்’ கார்ட்டூனில் பல ஆண்டுகள் அப்பா பன்றிக்கு ஆங்கிலத்தில் பேசியவர் அவர்தான்.

நிஜ வில்லன் எங்கே இருக்கிறான்?

‘பிள்ளை வில்லனாக ஆடுகிறானே, கெட்டுப்போய்விடுவானோ?’ என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால், இந்த கேம்களின் வரலாற்றில் பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

2014-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ‘டன்ஜன் கீப்பர்’ பெயரில் செல்போனுக்கு ஒரு கேம் வெளியிட்டது. இலவசம்! பழைய கேமில் சில நொடிகளில் வெட்டிவிடக்கூடிய பாறையை, இதில் வெட்டி முடிக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில பாறைகளுக்கு ஒரு நாள் முழுக்க! காத்திருக்கப் பொறுமை இல்லையா? ரத்தினக்கற்களைச் செலவழித்தால் உடனே முடியும். அந்தக் கற்கள் சீக்கிரம் வேண்டுமென்றால் நிஜப் பணம் கொடுக்க வேண்டும். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அசல் கேமை உருவாக்கிய பீட்டர் மாலினோவே வெளிப்படையாகக் குறை சொன்னார். பணம் செலவழிக்காமல் எவ்வளவு ஆட முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்தது தவறு என, அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு தீர்ப்புச் சொன்னது.

கேமுக்குள் இருக்கும் வில்லன் பொம்மைத் தங்கத்தைத் திருடுகிறான். வெளியே இருப்பவன் குறிவைப்பது நம் பொறுமையையும் பர்ஸையும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பிள்ளை கேம் கேட்டால், வயது வரம்பை முதலில் பாருங்கள். சிரிப்புக்காக என்றாலும், ‘ஈவில் ஜீனியஸ்’ கேமில் அடிதடியும் சாவும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

* ‘இலவசம்’ என்றிருந்தால், ஆப் ஸ்டோரில் அதன் கீழேயே ‘ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு’ என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள்.

* எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் செட்டிங்கை மாற்றிவையுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

* ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடிப்பாருங்கள். வீட்டில் இத்தனை பேருக்குச் சமைத்து, கரன்ட் பில் கட்டி, எல்லோருடைய மூடையும் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் தளத்தைக் கொடுத்தால், ஒரே வாரத்தில் உலகம் அவர் கைக்குள் வந்துவிடும்!