தண்ணியில ஓடும் பேட்டரி!

சின்ன வயசுல, தீர்ந்துபோன டார்ச் செல்லைக் கல்லால உடைச்சுப் பார்த்திருக்கீங்களா? கறுப்புப் பொடி கையெல்லாம் ஒட்டும். நடுவுல ஒரு கார்பன் குச்சி வரும். அதையெல்லாம் மூடியிருந்த தகடுதான் துத்தநாகம்... அதாங்க, ஜிங்க்! 1866-ல் பிரான்ஸின் லெக்லாஞ்சே உருவாக்கிய செல்லோட வாரிசு அது. தீர்ந்தா தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதே ஜிங்க்கை மறுபடி மறுபடி சார்ஜ் பண்ண முடிஞ்சா?

‘எதுக்கு பாஸ்?’னு கேட்கிறீங்களா... சோலார் கரன்ட் கொட்டுறது மத்தியானம். நாம லைட், ஃபேன், டி.வி-னு எல்லாத்தையும் தட்டிவிடுறது ராத்திரி. நடுவுல எங்கேயாவது சேர்த்து வைக்கணுமே! இப்போ அந்த வேலைக்கு லித்தியம்தான் ஹீரோ. ஆனா, பெரும்பாலும் அதுக்குள்ள இருக்கிறது எரியக்கூடிய திரவம். 2025 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய பேட்டரி நிலையம் ஒண்ணு பற்றி எரிய, சுற்றுவட்டார மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாச்சு.

ஜிங்க் பேட்டரிக்குள்ள இருக்கிறது, ஜிங்க் உப்பு கரைச்ச தண்ணி. தண்ணி எங்கேயாவது எரியுமா? வெயிட் அதிகமாச்சேனு கவலை வேண்டாம். இது பாக்கெட்ல போகப்போறதில்லை, மின்நிலையத்துல ஒரே இடத்துல உட்காரப்போகுது.

2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், லிண்டா நஸார் குழு ஜிங்க்குக்கு ஜோடியா வனேடியம் ஆக்ஸைடைப் பிடிச்சாங்க. அடுக்கடுக்கான பொருள் அது. அடுக்குகளுக்கு நடுவுல ஜிங்க் அயனிகள் புகுந்து புகுந்து வரும். 1,000 தடவைக்கு மேல சார்ஜ் பண்ணியும் 80 சதவிகிதத் திறன் மிச்சம்!

கை தட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. தினம் ஒரு தடவை சார்ஜ் பண்ணினா, 1,000 தடவைங்கிறது மூணு வருஷம்கூட இல்லை. பத்து வருஷம் உழைக்கணும்னா 3,650 தடவை தாங்கணும்.

வில்லன்கள் ரெண்டு பேர். சார்ஜ் ஆகும்போது ஜிங்க் சமமா படியாம, முள்முள்ளா வளரும். நடுவுல இருக்கிற தடுப்பைக் குத்திட்டா ஷார்ட் சர்க்யூட்! அடுத்தவர், அதே தண்ணி. ஜிங்க்கோடு வினைபுரிஞ்சு ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பி, செல்லை உப்ப வெச்சிடும். தீயிலிருந்து காப்பாத்துற தண்ணிதான், பேட்டரியோட ஆயுளையும் குறைக்குது.

கெமிஸ்ட்ரி, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல்... எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் இதுல உங்களுக்கு வேலை இருக்கு. மின்வேதியியலுக்குனே ஒரு தேசிய ஆய்வகம் நம்ம காரைக்குடியில இருக்கு, தெரியும்தானே? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையுற மக்களே... அடுத்த தடவை சுவர்க் கடிகாரத்துல செல் மாத்தும்போது, பழசைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க. தலைப்பு உங்க கையிலேயே இருக்கலாம்!