கருமத்தம்பட்டியில் ஆயரானவர்

தமிழகத்தில் மறைசாட்சி என்றதும் ஓரியூர்தான் நினைவுக்கு வரும். லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, காவி உடுத்திப் பண்டாரசாமியாக நம் ஊர்களில் நடந்த அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்டு இறந்தார். கொங்கு நாடு உரிமையோடு நினைக்க வேண்டிய ஒருவரும் உண்டு. அவரைக் கொன்றது மஞ்சள் காய்ச்சல் என்பதால் மறைசாட்சிகள் வரிசையில் அவர் இல்லை. ஆனால் சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தே அவர் கரை இறங்கினார்.

பெயர், மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813இல் தெற்கு பிரான்ஸில் பிறந்தவர். 1842இல் புதுச்சேரி வந்து, தமிழ் கற்று, சேலத்துப் பக்கம் பணியாற்றினார். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. அந்நாளில் ஜெபமாலை மாதா திருநாள் அக்டோபரின் முதல் ஞாயிறன்றுதான் வரும். அந்த மாதா குடிகொண்ட கருமத்தம்பட்டியிலேயே அவருக்கு ஆயர் திருப்பொழிவு நடந்தது. வயது 32. பிறகு கோவை மறைப்பணித் தளத்தின் முதல் தலைவரானார்.

அவர் விடாமல் பிடித்துக்கொண்ட எண்ணம் ஒன்றே: இந்த மண்ணின் பிள்ளைகள் குருக்களாக வேண்டும், ஆயர்களாகவும் வேண்டும். அன்றைய ஐரோப்பியக் குருக்களில் பலருக்கு உள்ளூர்க் குரு ஒரு உதவியாள், அவ்வளவே. தமது தலைமைக்குக் கீழேயே அவர் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பிரெசியாக் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

அவரை உடைத்தது சாதி. கிறிஸ்தவரிடையே தொடர்ந்த சாதி வழக்கங்களில் எதை அனுமதிப்பது, எதை விலக்குவது? ரோமாபுரி 1744இலேயே ஆணை பிறப்பித்திருந்தும், நடைமுறையில் குருக்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தெளிவான பதில் கேட்டு ரோமுக்கு எழுதினார், கிடைக்கவில்லை. மனசாட்சி உறுத்தும்போது ஆயர் நாற்காலியில் அமர்ந்திருக்க அவரால் முடியவில்லை. 1855இல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. தோற்றுப்போய் ஊர் திரும்பினார் என்று சிலர் எண்ணியிருக்கலாம். எனக்கு அவர் வாழ்விலேயே நேர்மையான முடிவு அதுதான்.

அடுத்த ஆண்டே, டிசம்பர் 8 அன்று, லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்காகப் புதிய சபை ஒன்றைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃப்ரீடவுனை அடைந்தபோது ஊரில் கொள்ளைநோய். கப்பல் கேப்டன் தடுத்தார். தம் மக்கள் அங்கே இருக்கும்போது தாம் கப்பலில் தங்குவதா என்று இறங்கிவிட்டார். துணைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ஜூன் 25 அன்று, ஆறே வாரத்தில், 45 வயதில் அவரும் இறந்தார். அவர் தொடங்கிய சபை இன்றும் ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறது. 2020இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இந்த மண்ணின் பிள்ளைகள் ஆயர்களாக வேண்டும் என்று அவர் எண்ணியபடி, கோவைக்கு முதல் தமிழ் ஆயராக உபகாரசாமி நியமிக்கப்பட்டது 1940இல். பிரெசியாக் பதவியை விட்டு 85 ஆண்டுகளுக்குப் பின்! அக்டோபரில் கருமத்தம்பட்டித் தேருக்குப் போகிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இவருடைய பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.