ரத்த அணுவுக்கு ஒரு சோப்புக் குளியல்!

எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்குப் போகாது. கொஞ்சம் சீயக்காய்த் தூளோ, சோப்போ போட்டால் போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதே தந்திரத்தைக் கொண்டுதான் நம் ரத்தத்தின் பெரிய ரகசியம் ஒன்றை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருபவை சிவப்பு அணுக்கள். நூறு அணுக்களை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லி மீட்டர் நீளம் வராது. அவ்வளவு சிறியவை! ஒவ்வொன்றும் நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போல இருக்கும். தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாயிலும் வளைந்து நெளிந்து புகுந்துவிடும். வெளியே வந்ததும் பழைய உருவம் திரும்பிவிடும். சுமார் 120 நாட்கள் இப்படி ஓடி உழைக்கிறது. இத்தனைக்கும் அதன் மேல்தோல், கொழுப்பினால் ஆன மெல்லிய சவ்வு. அது எப்படிக் கிழியாமல் இருக்கிறது?

விடை சவ்வில் உள்ள புரதங்களில் இருந்தது. பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே, அதே புரத இனம்தான். ஆனால் முட்டையின் வெள்ளைக் கரு தண்ணீரோடு கலக்கும். சவ்வுக்குள் பதிந்த புரதமோ கலக்காது. கொழுப்பை விட்டு வெளியே இழுத்தால், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்வது?

பேயைக் கரைத்த சோப்பு

சிவப்பு அணுவை உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டால் உப்பும். உள்ளே இருக்கும் சிவப்புப் பொருள் வெளியே கொட்டிவிடும். வெளுத்த வெறும் தோல் மிஞ்சும். இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? “பேய்”! விளையாட்டு அல்ல, ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இந்தப் பேயைக் கரைக்கத்தான் சோப்பு. சோப்பின் துகளுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும்; மறு முனைக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் முனை புரதத்தைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் முனை வெளியே நிற்கும். தண்ணீரை விரோதியாக நினைத்த புரதம், சோப்புச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடும்!

அதிகம் பயன்படுவது சோடியம் லாரில் சல்பேட் என்ற சோப்பு. பல பற்பசைகளில் நுரை தருவதும் இதுதான். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்திலிருந்தும் இதைத் தயாரிக்கலாம். ஆனால் முரட்டு சோப்பு. சுருண்டு மடிந்து கிடக்கும் புரதத்தை நூல்கண்டைப் பிரிப்பது போலப் பிரித்துவிடும். ஒரு கிராம் புரதத்தைச் சுமார் 1.4 கிராம் சோப்பு சூழ்ந்துகொள்ளும். எல்லாப் புரதங்களும் எதிர் மின்னூட்டம் பெற்றுவிடும்.

அப்புறம் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல்லி நிரப்பி, அதன் மேல்புறத்தில் இந்தக் கரைசலை ஊற்றி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். புரதங்கள் கீழ்நோக்கி ஓடுகின்றன. சிறியவை ஜெல்லியின் சந்துகளில் வேகமாக நுழைந்து முந்துகின்றன. பெரியவை பின்தங்குகின்றன. பிறகு நீலச் சாயத்தில் நனைத்தால் ஓட்டக்காரர்கள் நின்ற இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். கம்பளிக்குச் சாயம் போட உண்டாக்கிய சாயம் அது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலுள்ள குமாசி நகரின் பெயரைத் தாங்கியது!

இன்று சோதனைச் சாலைகளில் பெரும்பாலும் கையாளப்படும் முறையை, 1970ல் லேம்லி என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து வெளியிட்டார். பொதுவாக ஜெல்லியில் ஊற்றுமுன் கரைசலைக் கொதிக்க வைப்பார்கள். சவ்வுப் புரதம் பல சமயம் இதற்கு இணங்காது. கொதித்தால் மறுபடி கட்டிதான். ஆகவே இளஞ்சூட்டோடு விட்டுவிடுவது உண்டு. சமையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் சுலபமாகப் புரியும்.

சாது சோப்பு காட்டிய வலை

1971ல் அமெரிக்காவில் ஃபேர்பேங்க்ஸ், ஸ்டெக், வாலக் என்ற மூவர் பேயின் பட்டைகளுக்கு மேலிருந்து கீழாக எண் கொடுத்தார்கள். ஒன்றும் இரண்டும் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம். அந்தப் பெயரும் பேயைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது. மூன்றாம் பட்டை, கரியமில வாயுவை ரத்தம் சுமந்து செல்ல உதவும் புரதம்.

சரி, இவை அணுவில் எப்படி அமைந்திருக்கின்றன? முரட்டு சோப்பால் சொல்ல முடியாது. வீட்டைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் போட்டால், எந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்று எப்படித் தெரியும்? அதற்குச் சாதுவான சோப்பு வேண்டும். சீயக்காயில் நுரை தரும் சப்போனின் இனத்தைச் சேர்ந்த டிஜிடோனின் அப்படி ஒன்று. டிரைட்டான் எக்ஸ் 100 இன்னொன்று.

1973ல் ஸ்டெக் குழுவினர் டிரைட்டானில் பேயைக் குளிப்பாட்டினார்கள். கொழுப்பும் மூன்றாம் பட்டைப் புரதத்தின் பெரும்பகுதியும் கரைந்தன. ஸ்பெக்ட்ரின் கரையவில்லை! அணுவின் உருவத்தில் ஒரு வலை மிஞ்சி நின்றது. சவ்வு கிழியாமல் உள்ளே இருந்து தாங்குவது இந்த வலைதான்.

பரம்பரையாக வரும் ஒரு வகைச் சோகையில், வலையிலோ அதைச் சவ்வோடு பிணைக்கும் புரதத்திலோ குறை இருக்கும். அணு தட்டு உருவத்தை இழந்து உருண்டையாகிவிடும். மண்ணீரலின் குறுகிய சந்தில் நெளிய முடியாமல் மாட்டி அழியும். பிள்ளை வெளுத்துப்போகும், கண் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை என்று பெற்றோர் கல்லீரலைச் சந்தேகிப்பார்கள். கோளாறோ ரத்த அணுவின் தோலில்! இதைக் கண்டறிய இப்போது விரைவான வேறு சோதனைகளும் உண்டு. அவற்றில் சந்தேகம் தீராவிட்டால் பிள்ளையின் ரத்தத்திலிருந்து பேயைப் பிரித்து, சோப்பில் கரைத்து, நல்ல ரத்தத்தின் பட்டைகளுக்குப் பக்கத்தில் ஓட விடுகிறார்கள். எந்தப் பட்டை மங்கலாக நிற்கிறதோ, அந்தப் புரதம் குறைவு.