ராத்திரி 11 மணிக்கு ராக் கச்சேரி!

எலெக்ட்ரிக் கிடார் வாங்குகிற வயசில் நமக்கென்று தனி அறை இருக்காது. தனி அறை கிடைக்கிற வயசில் அதில் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும். என் சிநேகிதர்கள் நாலு பேருடைய கிடார் இப்போது பரணில், பழைய குக்கருக்கும் கொலுப்படிக்கும் நடுவே படுத்திருக்கிறது. 'வாசிக்க நேரம் இல்லை சார்' என்பார்கள். நம்பாதீர்கள். நேரம் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல். சத்தம் போடத்தான் வழியில்லை!

15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாதி திருப்பினாலே போதும், கீழ் ஃப்ளாட்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்துவிடுவார். (எனக்கு வந்தது மாமி. திட்டவில்லை. "ஏதாவது மெஷின் ரிப்பேரா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.)

'ஸ்பீக்கரே வேண்டாம், கிடாரை நேராக கம்ப்யூட்டரில் சொருகிப் பதிவு செய்தால்?' என்று கேட்பீர்கள். செய்து பாருங்கள். டிஸ்டார்ஷனைப் போட்டதும் தகர டப்பாவில் அடைத்த குளவி மாதிரி 'ஙொய்ய்ய்' என்று வரும்.

காரணம், கிடார் ஸ்பீக்கர் கொஞ்சம் மந்தமான பேர்வழி. வழக்கமான 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கிறீச் ஒலிகளைச் சரியாக வெளியே விடாது. பாட்டு கேட்கிற ஸ்பீக்கருக்கு அது குறை. இங்கே அதுதான் வரப்பிரசாதம். டிஸ்டார்ஷன் கிளப்புகிற கரகரப்பைச் சலித்துவிடுகிறது. நாம் 'கிடார் சத்தம்' என்று நினைப்பதில் பாதி, அந்த மரப்பெட்டியும் காகிதக் கூம்பும்தான். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 'யூ ரியலி காட் மி' பாட்டின் முரட்டுத் தொனிக்காக பிளேடால் கீறியது கிடாரை அல்ல, ஸ்பீக்கரை!

ஆக, பெட்டி வேண்டும், சத்தம் கூடாது. இந்தத் தலைவலி நமக்கு முன்பே ஒரு உத்தியோகஸ்தருக்கு வந்தது. டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர். பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. ராத்திரியில் மாசசூசெட்ஸில் தன் வீட்டு நிலவறையில் ரிக்கார்டிங். பெரும்பாலும் அங்கே பதிவானதுதான் 1976-ல் 'பாஸ்டன்' ஆல்பமாக வந்து, கோடிக்கணக்கில் விற்றது. பிறகு 1982-ல் அவரே 'ராக்மேன்' என்று கையடக்கப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஹெட்ஃபோனை மாட்டினால் பெரிய ஆம்ப்ளிஃபயர் முன்னால் நிற்கிற பிரமை. ஸ்பீக்கரின் சலிப்பு வேலையை உள்ளே ஒரு சர்க்யூட் பார்த்துக்கொண்டது.

இன்றைக்கு அதே வேலையை ஒரு துக்கினியூண்டு ஃபைல் செய்கிறது. பெயர் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்', செல்லமாக ஐ.ஆர். நிஜமான ஸ்பீக்கர் பெட்டி முன்னால் மைக்கை வைத்து, அடிக்குரலிலிருந்து உச்சஸ்தாயி வரை 'ஊ...ஈ...' என்று ஒரு ஒலியை ஓட்டுகிறார்கள். மைக்கில் விழுந்ததைக் கணக்குப் போட்டால், ஒரே ஒரு 'டிக்'குக்கு அந்தப் பெட்டி எப்படி அதிர்ந்து அடங்கும் என்பது எண்களாகக் கிடைத்துவிடும். பல ஐ.ஆர்.களில் 2,048 எண்கள். விநாடிக்கு 48,000 வீதம் என்றால், மொத்த நீளம் விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை!

பி.காம். பாஷையில் சொல்கிறேன். கிடாரிலிருந்து வரும் ஒவ்வொரு துளி ஒலியும் ஒரு கடன். அதை 2,048 தவணைகளில் அடைக்கவேண்டும். எந்தத் தவணைக்கு எவ்வளவு என்ற பட்டியல்தான் அந்த ஃபைல். இந்தக் கணத்தில் காதில் விழுவது, எல்லாப் பழைய கடன்களுக்கும் இப்போது கட்டவேண்டிய தவணைகளின் கூட்டுத்தொகை. கம்ப்யூட்டர் இதை விநாடிக்கு 48,000 தடவை அலுக்காமல் கூட்டுகிறது. (என் வீட்டுக் கடனும் இப்படித்தான். இசை மட்டும் வராது.)

தேவையானவை: கிடார், ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், ஹெட்ஃபோன். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்ட துளையில் சொருகுங்கள். ஆம்ப்ளிஃபயராக நடிக்கிற சாஃப்ட்வேர் முதலில், ஐ.ஆர். அதற்குப் பின்னால். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. சில சாஃப்ட்வேரில் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஒளிந்திருக்கும். அதை அணைக்காவிட்டால் கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல் இருக்கும். ஒலி தாமதித்து வந்தால் பஃபரை 128-க்கு இறக்குங்கள்.

ஐ.ஆர். இணையத்தில் ஆயிரக்கணக்கில் இறைந்து கிடக்கிறது. ஆபத்தே இங்கேதான்! ஒரே ஸ்பீக்கருக்கு, மைக் நடுக்கூம்பில், அரை அங்குலம் தள்ளி, ஓரத்தில் என்று விதவிதமாக. நடுவில் கூர்மை, ஓரம் போகப் போக மந்தம். வித்தியாசம் நிஜம்தான். ஆனால் ஜவுளிக்கடையில் புடவை புரட்டுவது போல நாலு மணி நேரம் புரட்டிவிட்டு, ஒரு கார்டுகூட வாசிக்காமல் படுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

நிஜப் பெட்டிக்கு இது ஈடா? இல்லை. இது ஒரு மைக் எடுத்த போட்டோ. உரக்க வாசிக்கும்போது கூம்பு திணறுவதும், காற்று முழங்காலில் மோதுவதும் போட்டோவில் வராது. ஆனால் ரிக்கார்டிங் கேட்கிறவர் முழங்காலாலா கேட்கப் போகிறார்?

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க: சத்தத்துக்குப் பயந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு வாசிக்காதீர்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடலாம். ஸ்பீக்கர் இடத்தில் 'லோட் பாக்ஸ்' மாட்டவேண்டும்.

மற்றபடி, வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது கம்பியின் 'டிங் டிங்' மட்டும்தான். "என்னங்க, குழாய் சொட்டுதா?" என்று தூக்கத்தில் கேட்டாள் மனைவி. "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டேக்கை ஆரம்பித்தேன்.