விழாமலே கால் வலிக்கிறதா? கவனம் தேவை!



"புள்ளை கால ஊன மாட்டேங்குது, எங்கயாவது விழுந்திருப்பான்" என்று எண்ணெய் தேய்ப்பதும் கட்டுப் போடுவதும் நம் வீடுகளில் வழக்கம். கூட்டங்களுக்கு வரும்போது நாங்களும் இதை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அடியே படாமல் எலும்பு வலித்தால் அது வேறு விஷயம்.

ஓடியாடிய பிள்ளைக்கு ராத்திரியில் இரண்டு காலும் வலித்து, காலையில் பழையபடி விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்:

* வலியோடு காய்ச்சல்
* ஒரே இடத்தில் விடாத வலி, வீக்கம்
* நொண்டுதல், கால் ஊன மறுத்தல்
* உடல் வெளுத்தல், மெலிதல்

என்ன காரணம்?

இரத்தத்தில் கலந்த கிருமி எலும்புக்குள் தங்கிச் சீழ் பிடிக்கலாம். நாள் கடத்தினால் எலும்பு அரிக்கும், மூட்டு கெடும், கால் வளர்ச்சியும் குறையலாம். சில பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோயே கால் வலியாகத்தான் தொடங்கும்.

எக்ஸ்ரே போதாதா?

எக்ஸ்ரே முதலில் எடுப்பார்கள். எலும்பு முறிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் எலும்பு ஓரளவு அரித்த பிறகுதான் சீழ் அதில் தெரியும். முதல் 10 முதல் 14 நாள் வரை படம் நன்றாகவே இருக்கலாம். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதுவார். எலும்பு மஜ்ஜையில் நீர் கோர்ப்பதை அது முதல் சில நாட்களிலேயே காட்டிவிடும். எந்த இடத்தில் வலி என்று சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

பயப்பட வேண்டாம்

எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கும் படம். எக்ஸ்ரே கதிர் கிடையாது. வலிக்காது, சத்தம் மட்டும் பலமாக இருக்கும். அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து தரலாம். எத்தனை மணி நேரம் பால், சாப்பாடு தரக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரைஞாண், கொலுசு, தாயத்து, ஊக்கு எல்லாம் கழற்றிவிடுங்கள். கூடப் போகும் தாயும் நகை, செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் கேளம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கிளம்புங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போய், எந்தச் செலவுக்கு உதவும் என்று கேளுங்கள். வழிச்செலவுக்குக் காசில்லை என்று நாள் கடத்தாதீர்கள். உள்கடன் இதற்குத்தானே இருக்கிறது!