எந்த விளையாட்டு இவனுக்கு?



சென்ற கோடையில் தோவாளையில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். பூச்சந்தையில் மாலை கட்டும் ஒருவரின் ஒன்பது வயது மகன் வந்திருந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடினால் கூச்சம் தெளியும் என்று எண்ணி, கையைப் பிடித்து இழுத்துக் கபடிக் கோட்டுக்குள் நிறுத்தினோம். விசில் ஊதியதுதான் தாமதம், இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். அரைமணி நேரம் தேடினோம். குளத்துப் படித்துறையில் இருந்துகொண்டு, கல்லை எறிந்து அலை விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, அவன் எப்பவும் தண்ணிப் பக்கந்தான் ஓடுவான்” என்றார் தாயார், அழுதுகொண்டே.

அது கூச்சம் அல்ல என்பதை எங்கள் மருத்துவர் பிறகு விளக்கினார். ஆட்டிசம் (மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள்) பிறவியிலேயே உள்ள மூளை வளர்ச்சி வேறுபாடு. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பெற்றோரின் வளர்ப்பினால் வருவதன்று. யாருடைய பாவத்தினாலும் வருவதன்று. சபைகளில் இன்னும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கபடியை நினைத்துப் பாருங்கள். எதிராளி எந்தப் பக்கம் பாய்வான் என்று அவன் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நாலு பேர் மேலே விழுந்து பிடிப்பார்கள். சுற்றிலும் கூச்சல். இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சத்தமும் தொடுதலும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். பிறர் மனதை நொடியில் ஊகிப்பதும் கடினம். நமக்கு விளையாட்டாக இருப்பது அவனுக்குத் தண்டனை.

ஆகவே, நமக்குப் பிடித்த விளையாட்டுக்குள் பிள்ளையை நுழைக்காமல், அவன் உடம்பு ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். சுவரோரமாக ஓயாமல் நடப்பவனுக்கு ஓட்டமோ சைக்கிளோ பொருந்தலாம். கட்டிலில் ஏறி ஏறிக் குதிப்பவனுக்கு டிராம்போலின். எதையும் எறிந்துகொண்டே இருப்பவனுக்குக் குண்டு எறிதல். பொருள்களை வரிசையாக அடுக்குபவன் கேரம் பலகை முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவதைக் கண்டிருக்கிறோம். கிரிக்கெட்டை விரும்பி ஆடும் ஆட்டிசப் பிள்ளைகளும் உண்டு. ஒரே அளவுகோல் எல்லாருக்கும் ஆகாது.

நம் பையன் தேடியது தண்ணீரை. இப்படித் தண்ணீரை நாடும் பிள்ளைகள் பலர். நீருக்குள் உடம்பு முழுவதும் ஒரே சீரான அழுத்தம் கிடைக்கிறது, வெளிச் சத்தம் மங்கிவிடுகிறது, கையும் காலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன, யாரும் இடிப்பதில்லை. ஆனால் ஆபத்தும் அங்கேதான். வீட்டைவிட்டு நழுவும் ஆட்டிசப் பிள்ளைகளின் சாவுக்கு முக்கியக் காரணம் நீரில் மூழ்குவதே. நாஞ்சில் நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குளம். பேச்சிப்பாறைத் தண்ணீர் திறந்துவிட்டால் கால்வாயெல்லாம் நிறைந்து ஓடும். நீச்சல் இங்கே உயிர் காக்கும் கல்வி.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ஜியா ராய் என்ற மும்பைச் சிறுமி, கடற்படை ஊழியர் ஒருவரின் மகள், ஆட்டிசம் உள்ளவள். பேச்சு தாமதமானவளுக்கு நீச்சல் ஒரு சிகிச்சையாகவே தொடங்கியது. 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சுமார் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள். வரவேற்றவர்களில் அப்போதைய தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபுவும் ஒருவர்; நம் குமரி மாவட்டத்துக்காரர். 2024 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயையும் 17 மணி 25 நிமிடத்தில் கடந்தாள். எல்லாப் பிள்ளையும் ஜியா ஆகிவிடாது. அவள் பெற்றோர் செய்ததைச் சிறிய அளவில் செய்ய முடியும்; அவ்வளவே.

நாங்கள் செய்தது இது. முதலில் மருத்துவர் பார்த்தார். ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது உண்டு, வலிப்புள்ள பிள்ளையை அவர் ஆலோசனையின்றி நீரில் இறக்கக் கூடாது. பிறகு ஆளில்லாத நேரமாகப் பார்த்து நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனோம். முதல் இரண்டு வாரம் கரையில் இருந்ததோடு சரி. நான்கு படங்கள் வரைந்து கொடுத்தோம்: உடை மாற்று, படி இறங்கு, பத்து எண்ணு, துவட்டு. ஒரே ஆசிரியர், ஒரே நேரம், ஒரே துண்டு. நீளமாகப் பேசாமல் செய்து காட்டுவார். பத்து எண்ணியதும் கட்டாயம் கரையேற்றிவிட வேண்டும். “இன்னும் ஒரு தடவை, மக்களே” என்று ஒரு நாள் ஆசையாய்க் கெஞ்சிப் பார்த்தோம். அடுத்த சனிக்கிழமை அவன் வண்டியைவிட்டே இறங்கவில்லை. சொன்ன சொல் மாறாததால்தான் அவனுக்குத் தண்ணீரில் இறங்கத் தைரியம் வருகிறது. நீச்சல் வந்த பின்னும் கண்காணிப்பை விடக் கூடாது என்று தாயாரிடம் அடிக்கடி சொல்கிறோம். இப்போது வீட்டு வாசலில் அவன் எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி இருக்கிறது.

உங்கள் காணிக்கையில் வாங்கிய மிதவைப் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் குளத்தின் அகலத்தைக் கடந்தான். நாங்கள் கை தட்டவில்லை; அவனுக்குச் சத்தம் ஆகாது. கரையேறித் துவட்டிய பின், படத்தில் “பத்து” என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, “இருவது” என்றான்.