தொலைக்காட்சியின் மின்வழங்கி

தட்டைத்திரைத் தொலைக்காட்சி ஒளியற்றுக் கிடக்குமாயின், திரையே கெட்டதென்று பலர் மனஞ்சோர்வர். பலகால் பிழை திரையினதன்று. வீட்டு மின்சாரத்தை உள்ளுறுப்புகளுக்கு ஏற்ப மாற்றியளிக்கும் மின்வழங்கிப் பலகையினதே.

மூடியைத் திறக்குமுன் ஒன்று கூறுவோம். 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகுங்கால், அங்குள்ள பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் ஏறி நிற்கும். சில பலகைகளில் 390ஐ அணுகும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது தங்கியிருத்தல் கூடும். தக்க மின்தடை வழியாக அதனை வடித்து, மல்டிமீட்டரால் அளந்தன்றிக் கை வைத்தலாகாது. திருப்புளியைக் குறுக்கே இட்டுப் பொறி பறக்க வடிப்பாரும் உளர். அவர் துணிவை யாம் வியந்திலேம்.

முகப்பிலுள்ள சிறுவிளக்கும் எரியாதாயின் பியூசை நோக்குவோம். பியூஸ் எரிந்திருத்தல் விளைவேயன்றிக் காரணமன்று. டயோடோ மாஸ்பெட்டோ உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். அதனை ஆராயாது கம்பி சுற்றி ஓட்டுவது பழுதுநீக்கலன்று, வீட்டிற்குத் தீ மூட்டலாம்.

விளக்கு மினுக்கியும் திரை விழியாதாயின், வெளிவாய் மின்தேக்கிகளை ஐயுறுவோம். வெப்பத்தால் அவற்றின் உள்நீர் வற்ற, தலை புடைக்கும். புடையாமலே கெட்டனவும் உள. புதியது இடுங்கால் கொள்ளளவு மாறாமலும், தாங்கும் வோல்ட் குறையாமலும், 105 பாகை வெப்பம் பொறுப்பதாகவும் பார்த்து வாங்குக.